மாப்பிள்ளை பக்கத்துத் தூண்

...இல்லையக்கா, பெட்டையிலை நான் ஒரு பிழையும் சொல்ல மாட்டன். பெட்டை தங்கம். எனக்கு உந்தத் தகப்பன்தான் பிரச்சினை. அந்தாள் நல்ல மனுசன், அதுதான் பிரச்சினையே. கூடாத மனுசன் எண்டா ஒரு சண்டையைப் பிடிச்சுப்போட்டு நிம்மதியா இருந்திருப்பன்.

கொஞ்சம் அரக்கி இருங்கோ, உந்தப் பையைக் காலடியிலை வைக்கிறன். பாரம்தான். இரும்பெல்லோ. பொறுங்கோ, அதுக்கு வாறன்.

நீங்களும் விம்பிள்டன் கோயிலுக்கெண்டுதானே சொன்னனீங்கள்? நல்லதாப் போச்சு. ட்ராம் ஊர்ந்துதான் போகும், கதைச்சுக்கொண்டு போகலாம்.

என்ரை மோன் ஜெரோசன் பாங்கிலை வேலை. கூட வேலை செய்யிற அமெரிக்கப் பெட்டை, அபிகேல் எண்டு பேர், அவளைத்தான் கட்டுவன் எண்டு வந்து நிண்டான். நான் கத்தேல்லை அக்கா. குளறேல்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டன். "ஆர் ஆக்கள்?" கேக்காத தாய் ஆர் சொல்லுங்கோ? தகப்பன் ஆர், தகப்பன்ரை தகப்பன் ஆர், என்ன செய்தவை... அதுவும் நானாக் கேக்கேல்லை, ரொறன்ரோவிலை இருக்கிற எங்கடை மனுசன்ரை தங்கச்சி, ஜெயகௌரி, அவள்தான் "கேளுங்கோ அண்ணி, கேளுங்கோ அண்ணி" எண்டு உசுப்பினது. என்ரை எண்ணம் என்னெண்டா, அமெரிக்கன்தானே, அப்பப்பாவுக்கு மேலை அவனுக்கு ஒண்டும் தெரியாது, அதைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நாள் இழுக்கலாம்... இழுத்தாப் பெடியன் மாறிடுவான்...

அங்கைதான் எனக்குப் பிழைச்சது.

அந்தாள், பெட்டையின்ரை தகப்பன் லெஸ்லி, இந்தக் கேள்வியை ஆராவது கேக்க மாட்டினமோ எண்டு வாழ்நாள் முழுக்கக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இந்தக் கதையைத் துவங்கினாப் பெத்த பிள்ளையளே எழும்பி ஓடுங்களாம். நான் கேட்டிட்டன். பெட்டை போனிலை சொல்ல, அடுத்த கிழமையே பிளேன் ஏறி வந்திட்டார். வந்து எங்கடை ஹோலிலை ஒரு கடுதாசிச் சுருளை விரிக்கிறார், விரிக்கிறார், அது சோபாவிலை துவங்கிக் குசினி வாசல் மட்டும் போகுது. சாப்பாடு வைக்க இடமில்லை. எல்லாரும் கோப்பையைக் கையிலை ஏந்திக்கொண்டு சுவரோடை நிக்கிறம்.

முழுக்க இரும்படிச்ச ஆக்கள் அக்கா. எங்கடை ஊர்க் கணக்கிலை கொல்லர். ஜெயகௌரிக்கு என்னத்தைச் சொல்லுறது? அந்தாளுக்கு அது ஒண்டும் விளங்கேல்லை, பெருமையாச் சொல்லிக்கொண்டு போறார். இந்தா இவர் சதுப்பு நிலத்திலை சேத்தைக் கிண்டி இரும்பெடுத்தவர். இவர் ஆத்துத் தண்ணியிலை சில்லைச் சுத்தவிட்டு, ஆளுயரச் சுத்தியலாலை அடிச்சவர். இவர் பானை வார்த்தவர். இவற்றை பெண்சாதி துருத்தி பிடிச்சவ. இவர் இங்கிலீசுக்காரனைச் சுடப் பீரங்கிக் குண்டு வார்த்தவர்... அதை மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னவர், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேட்டுப்போடும் எண்டு.

முதல் ஆள் அமெரிக்காவுக்கு எங்கையிருந்து போனவர் எண்டு நினைக்கிறியள்? இஞ்சையிருந்துதான். சசெக்ஸ். எங்கடை குறொய்டனிலை ரெயின் எடுத்தா ஒரு நித்திரைக்குக் காணாது. "அப்ப நீங்கள் இஞ்சத்தை ஆக்கள், வந்த ஆக்கள் நாங்கள்தான்" எண்டு சும்மா பகிடிக்குச் சொன்னன். மனுசனுக்குக் கண் கலங்கிட்டுது. அடுத்த நாளே என்னையும் இழுத்துக்கொண்டு அங்கை ஒரு பழைய சேர்ச்சுக்குப் போனார். போன ஆளின்ரை தமையன்ரை சமாதி அங்கை கிடக்கு. கல் இல்லையக்கா, இரும்புத் தகடு. பேரை அப்பிடியே இரும்பிலை வார்த்து நிலத்திலை பதிச்சிருக்கு. எங்கடை ஊரைப் பறங்கி, போத்துக்கீசன், ஆண்ட காலத்து ஆள். உள்ளுக்கை குளிர் எண்டாச் சொல்லேலாது. நான் உழுந்து ஊறப் போட்டிட்டு வந்தனான், எப்ப போவம் எப்ப போவம் எண்டு நிக்கிறன். அந்தாள் முழங்காலிலை இருந்து, அந்த எழுத்தைக் குழந்தைப் பிள்ளையின்ரை தலையைத் தடவுற மாதிரித் தடவுது. என்னெண்டு சொல்ல... அதுக்குப் பிறகு கலியாணத்தை இழுக்கிற எண்ணம் எனக்குப் போட்டுது.

திரும்பி வரேக்கை ரெயினிலை மெல்லமாக் கேட்டார், "உங்கடை பக்கம் எவ்வளவு தூரம் தெரியும்?"

அப்ப உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னனோ? "எங்களுக்கும் உங்களளவு தலைமுறையும் தெரியும். ஒல்லாந்தன் காணிக் கணக்கெழுதின தோம்பிலையே எங்கடை ஆக்களின்ரை பேர் கிடக்கு" எண்டு ஒரு புழுகு விட்டன்.

சரி, ரெண்டு நாளிலை மறந்திடுவார் எண்டு பாத்தா, வீட்டிலை எங்கடை மனுசன் சண்முகராசா வேலையைக் காட்டிட்டார். நான் இவ்வளவு காலமும் ஆக்களுக்கு இவரை எஞ்சினியர் எண்டுதான் சொல்லுறது. உண்மையிலை ஸ்ரேசனடியிலை கேற்றும் யன்னல் கம்பியும் ஒட்டுற வெல்டிங் கடை. லெஸ்லியின்ரை கதையைக் கேட்டிட்டு, "நானும் இரும்புதான்" எண்டு எழும்பினார் பாருங்கோ, ரெண்டு பேரும் கூடப்பிறந்தது மாதிரிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கராஜுக்குள்ளை போச்சினம். போனவை போனவைதான். தேத்தண்ணியும் அங்கைதான் அனுப்புறன். என்ன செய்யினம் தெரியுமே? கலியாணத்துக்கு மணவறை. இரும்பிலை. வாழைக்குலையும் இரும்பு, மயிலும் இரும்பு. ஐயர் வந்து தட்டிப் பாத்திட்டு, "நெருப்புப் பிடியாது, நல்லது" எண்டிட்டார். அவரும் அவையின்ரை பக்கம்.

அதோடை விட்டாப் பரவாயில்லை. முன்னுக்கு ரெண்டு தூண். பொம்பிளை பக்கத்துத் தூணிலை அடியிலை அபிகேலின்ரை பேர், அதுக்கு மேலை லெஸ்லி, அப்பிடியே உச்சி மட்டும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தகடு. மாப்பிள்ளை பக்கத்துத் தூணிலையும் அதேயளவு தகடு. சமனா இருக்கோணுமாம். ஜெரோசன், இவர், இவற்றை தகப்பன் தம்பையா, அவற்றை தகப்பன் வேலாயுதர்... முடிஞ்சுது. அதுக்கு மேலை உச்சி மட்டும் மொட்டை. லெஸ்லி காலமை எழும்பி அந்த மொட்டைத் தகடுகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறார் அக்கா. என்ரை வயிறு எரியாதே?

இவரைக் கேட்டா, "நீதானே சொன்னனி, நீயே நிரப்பு" எண்டுறார். ஜெயகௌரியைக் கேட்டன், அவளும் இவற்றை ரத்தம்தானே. "அண்ணி, அப்பாவின்ரை அப்பப்பாவை நான் ஏன் தெரிஞ்சிருக்கோணும், அவர் எனக்குச் சீதனம் தந்தவரோ?" எண்டு போனை வச்சிட்டாள். உசுப்பேக்கை இருந்த வாய்.

ஞாயிற்றுக்கிழமை கலியாணம். பொஸ்ரனிலையிருந்து அவையின்ரை சனம் வரப்போகுது, ரொறன்ரோவிலையிருந்து எங்கடை சனம் வரப்போகுது. எல்லாரும் அந்தத் தூணுக்கு முன்னாலை நிண்டுதான் படம் எடுப்பினம். இந்தப் பைக்குள்ளை கிடக்கிறது அந்தத் தகடுகள்தான். புளி போட்டு மினுக்கிக்கொண்டு வாறன் எண்டு சாட்டுச் சொல்லிக் கழட்டிக்கொண்டு வந்தனான். சோக்கட்டியும் கிடக்கு. பேரைச் சோக்காலை எழுதிக்கொண்டு போனா, இண்டைக்குப் பின்னேரம் இவர் வெட்டித் தருவார். கோயிலிலை பழைய ஆக்கள் நிப்பினம், கேப்பம் எண்டுதான் வெளிக்கிட்டனான். பாத்தா நீங்கள் பக்கத்திலை.

உங்களைப் பாத்தா நல்ல பழைய குடும்பம் மாதிரிக் கிடக்கு அக்கா. உங்கடை பூட்டன்ரை பேர் என்ன? பயப்பிடாதேங்கோ, இரவலாத்தான். கலியாணம் முடிய அழிச்சுப்போட்டு... இரும்பிலை அழிக்கேலாதுதான். இருந்திட்டுப் போகட்டுமன், உங்கடை ஆள் எங்கடை தூணிலை இருந்தா அவருக்கென்ன குறை? பூட்டன்ரை தகப்பன்ரை பேரும் தந்தியள் எண்டாப் பெரிய புண்ணியம்.

ஏன் எழும்புறியள்? இது மேர்ட்டன் பார்க்கெல்லோ, விம்பிள்டன் அடுத்ததுதான். நடந்து போறியளோ... நடந்தாக் காலுக்கு நல்லதுதான். அப்ப பேரை மட்டும் சொல்லிப்போட்டு இறங்குங்கோவன். அக்கா... உங்களைத்தான்...

இறங்கிப் போட்டா.

பாவம், அவவுக்கும் தெரியாது போலை கிடக்கு.

தம்பி. இஞ்சை, தம்பி, அந்தக் காதுக்கை கிடக்கிறதை ஒருக்காக் கழட்டும். தமிழ்தானே? ஆற்றை மோன் நீர்?