பக்கத்தில் விழுந்தவர்கள்

"படு! எல்லாரும் படுங்கோ! தலையைத் தூக்காதை!"

கத்துவது நான்தான். வயிறு தரையில். இடது கை பக்கத்தில் இருந்தவரின் கழுத்தை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அவர் திமிறுகிறார். விடவில்லை. முதல் சத்தம் கூர்மையானது. இரண்டாவது அதன் மேலேயே. பன்னிரண்டு வரை எண்ணினேன். பிறகு சத்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எண்ண முடியவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. வெடிமருந்தின் மணம் வருகிறது. அதே மணம். ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது.

கண்ணைத் திறந்தேன்.

வழுவழுப்பான தரை. கவிழ்ந்த நாற்காலிகள் மூன்று. எல்லாம் நீல நிறம். மேலே மின்விசிறி சுற்றுகிறது. சுவரில் ஒரு பதாகை.

இது தியாகராய நகர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை. மூன்றாவது மாடியில் எங்கள் ஜெபவீடு. எதிரே புதுத் துணிக்கடை ஒன்றைத் திறக்கிறார்கள். அதற்காகப் பத்தாயிரம் வாலா கொளுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

என் கைக்கு அடியில் கிடந்தவர் டேவிட். ஆட்டோ ஓட்டுகிறவர். என்னை முதன்முதலாக இந்த ஜெபவீட்டுக்குக் கூட்டி வந்தவர்.

"யோவ் பெர்சு, கைய எட்றா நைனா. வெடில தப்பிச்சாலும் உன் கையால பூடுவேன் போலகீது."

சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு எண்ணினேன். அன்று வந்திருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். என் சொல் கேட்டுப் படுத்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அங்கே, போர் நடந்த எங்கள் ஊரில் என்றால் அந்த முப்பத்தெட்டுப் பேர் இல்லை.

பாஸ்டர் இளைஞர். நல்லவர். ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"பிரியமானவர்களே, நம்ம சிலோன் ஐயாவைக் கர்த்தர் எத்தனை குண்டுக்குத் தப்புவிச்சிருக்கார் பாருங்க! அவர் வாழ்க்கையில ஒரு நோக்கம் இருக்கு. அடுத்த ஞாயிறு ஐயா சாட்சி சொல்லுவாங்க. எல்லாரும் ஆமென் சொல்லுங்க!"

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

சாட்சி என்ற சொல்லை இங்கே விளக்க வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி என்றால் கண்டதைச் சொல்வது. ஜெபவீட்டில் சாட்சிக்கு ஒரு வடிவம் உண்டு. முதலில் ஆபத்து. அடுத்து ஜெபம். அடுத்து தப்பித்தல். கடைசியில் கைதட்டல். டேவிட் சொன்ன சாட்சி எனக்கு மனப்பாடம். கோடம்பாக்கம் மேம்பாலம். பிரேக் பிடிக்கவில்லை. "இயேசப்பா!" என்று கத்தினார். தண்ணீர் லாரிக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. நான் அதைச் சந்தேகிக்கவில்லை. நானும் கைதட்டினேன்.

என்னிடம் இருப்பது அந்த வடிவத்தில் அடங்காது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை.

பதாகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் சபைக்கு ஒரு வாக்குத்தத்த வசனம் எடுப்பார்கள். அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டுவார்கள். இந்த ஆண்டு எடுத்தது ஒரு சங்கீதத்திலிருந்து. உன் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் மனிதர்கள் விழுந்தாலும் தீங்கு உன்னைத் தொடாது என்ற பொருள். சுற்றிலும் ரோஜாப் பூக்கள். மேலே ஒரு புறா. ஒவ்வொரு ஞாயிறும் நான் அதன் கீழேதான் உட்காருகிறேன். மின்விசிறி அங்கேதான் இருக்கிறது.

அதற்கு அடுத்த வசனத்தை அவர்கள் அச்சடிக்கவில்லை. விழுகிறவர்கள் துன்மார்க்கர் என்று அதில் வருகிறது. அது அவர்களுக்குக் கிடைத்த பலனாம். அதுவும் எனக்கு மனப்பாடம். என் மனைவி அந்தச் சங்கீதத்தைத் தினமும் சொல்லுவாள்.

படி இறங்கினேன். கைப்பிடி இரண்டாம் மாடியில் ஆடுகிறது. பலமுறை சொல்லிவிட்டேன். யாரும் சரி செய்யவில்லை.

கீழே கரும்புச்சாறு வண்டியின் அருகில் என் மகள் எஸ்தர் நிற்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் வேளச்சேரியிலிருந்து என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவாள். ஆராதனை முடியும்வரை கீழேயே காத்திருப்பாள். மாடி ஏறியதில்லை. ஒருமுறைகூட இல்லை.

"இன்னாண்ணா, வெறும் ஐஸா போட்டுக்கினு கீற? சாறு எங்க?" என்று வண்டிக்காரரை மிரட்டிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதில் இந்த ஊருக்கு வந்தவள். வெளியே இந்த ஊரின் பேச்சு. என்னோடு மட்டும் எங்கள் பேச்சு.

"வெடிச் சத்தம் கேட்டதே அப்பா? படுத்தனீங்களோ?"

"படுத்தனான். நீ?"

"வண்டிக்குக் கீழ. கரும்புச்சாறு அண்ணன் பயந்து போனார்."

ஸ்கூட்டரில் ஏறினோம். கிண்டி தாண்டும்போது சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஸ்கூட்டரின் வேகம் கூடியது.

"சொல்லுங்கோவன். உங்களைக் காப்பாத்தினவர் எண்டு சொல்லுங்கோ. அப்ப அம்மாவை என்ன செய்தவர் எண்டு அவை கேக்க மாட்டினம். கைதட்டுவினம்."

எனக்கு ஒரேயோர் ஆசை மிச்சம் இருக்கிறது. சாகும் முன் இவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு நான் தவறாகப் பேசினால் இவள் இனி ஒருபோதும் மாடி ஏற மாட்டாள். அது எனக்குத் தெரிந்தது.

அந்த வாரம் தூக்கம் இல்லை. பகலிலும் அங்கேயே இருந்தேன்.

வன்னி. போரின் கடைசி மாசி மாதம். கடலேரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் துண்டு. தறப்பாள் கூடாரங்கள், தார்ப்பாயில் கட்டியவை. கூடாரத்துக்குள் பங்கர், பதுங்குகுழி. நானும் அண்ணனும் தோண்டியது. மணல் சரியாமல் இருக்க என் மனைவியின் சேலைகளைத் தைத்து மூட்டை கட்டி அடுக்கினோம். ஆறு சேலைகள். கூறைச் சேலையும் அதில் ஒன்று.

ஷெல் புறப்படும்போது ஒரு சத்தம். "டப்" என்று, பெட்டியை மூடுவது போல. பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் எண்ண வேண்டும். நான் கணக்கு ஆசிரியர். சத்தம் போட்டு எண்ணுவேன். இருபதுக்குள் கூவல் வரும். கூவல் கேட்டால் அது தாண்டிப் போகிறது. கேட்காததுதான் நமக்கு.

அன்று காலை பங்கருக்குள் ஜெபம். என் மனைவி சொல்லச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். அந்தச் சங்கீதம்தான். பாதி வந்திருக்கும். வெளியே யாரோ கத்துகிறார்கள். "கஞ்சி ஊத்துறாங்கள்! ஓடி வாங்கோ!"

நான் எழுந்தேன்.

"ஜெபம் முடியட்டும்," என்றாள் மனைவி.

"ஜெபத்துக்கு வரிசை இல்லை. கஞ்சிக்கு வரிசை இருக்கு," என்றேன்.

அண்ணன் சிரித்தார். அவளும் சிரித்தாள். வாளியைப் பிடிக்க ஆள் வேண்டும். எஸ்தரைக் கூப்பிட்டேன். வந்தாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் அறுபத்தோரு பேர். "டப்." எண்ணத் தொடங்கினேன். கூவல் வரவில்லை. பதினேழில் விழுந்தது. எங்கள் பக்கம் அல்ல. பின்னால். கூடாரங்கள் இருந்த பக்கம். எல்லாரும் படுத்தோம். வாளி உருண்டது. எழுந்து ஓடினோம். பங்கர் இருந்த இடத்தில் பங்கர் இல்லை. மணல் இருந்தது. புகை நேராக மேலே போனது. அன்று காற்று இல்லை.

இதுதான் நான் கண்டது. ஜெபத்தில் இருந்தவர்கள் போனார்கள். ஜெபத்தைப் பாதியில் விட்டவன் இருக்கிறேன். இதற்கு எப்படி அல்லேலூயா சொல்வது?

மறு ஞாயிறு. மாடி ஏறினேன். எஸ்தர் கீழே. எதிர்த் துணிக்கடையில் மேளம் அடித்துத் தள்ளுபடி அறிவிக்கிறார்கள். பாஸ்டர் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். எனக்காகத்தான். உள்ளே புழுக்கம். கதவு திறந்திருந்தது.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கீபோர்டு வாசிக்கும் பையன் மெல்ல ஒரு ராகத்தைத் தொடங்கினான். சாட்சிகளுக்குப் பின்னால் அப்படி வாசிப்பது வழக்கம்.

"தம்பி, அதை நிறுத்தும்," என்றேன். நிறுத்தினான்.

மேலே எழுதியதைத்தான் சொன்னேன். மணல். சேலைகள். கஞ்சி. பதினேழு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முதல் வரிசையில் ஓர் அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொண்டிருந்தார். பங்கர் இருந்த இடத்தில் மணல் என்றதும் நிறுத்திவிட்டார்.

பிறகு பதாகையைக் காட்டினேன். "இந்த வசனத்தில் பக்கத்தில் விழுகிறவர்கள் வருகிறார்கள். நீங்கள் வாசிக்கும்போது தப்பினவரின் இடத்தில் உங்களை வைத்து வாசிக்கிறீர்கள். எனக்கு விழுந்தவர்களைத் தெரியும். அவர்கள் துன்மார்க்கர் இல்லை. பெயர் சொல்கிறேன்."

சொன்னேன். என் மனைவி செல்வராணி. மகன் சாம். அண்ணன் ஞானதாசன். அண்ணி பிரிசில்லா. அவர்கள் மகள் றேச்சல். பக்கத்துக் கூடாரத்துக் கந்தையா. அவர் மனைவி நாகம்மா. அந்த இருவரும் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஷெல்லுக்குப் பயந்து உள்ளே வந்தவர்கள். ஜெபத்தில் எங்களைவிடச் சத்தமாக ஆமென் சொன்னவர்கள்.

"ஏழு பேர்," என்று முடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் மைக்குக்காகக் கையை நீட்டினார். "ஆனாலும் கர்த்தர் ஐயாவை..." என்று தொடங்கினார்.

"எட்டு."

வாசலில் இருந்து வந்தது குரல். செருப்புகள் கிடக்கும் இடத்தில் எஸ்தர் நின்றாள். மூச்சு வாங்கியது.

"எட்டு, அப்பா. றேச்சல் அக்காவின்ர பிள்ளை. பேர் இல்லையெண்டு நீங்கள் ஒருநாளும் எண்ணுறேல்லை."

உண்மை. குழந்தை பிறந்து மூன்று நாள். போதகர் வந்து ஞானஸ்நானம் கொடுக்கும்போதுதான் பெயர் என்று றேச்சல் சொல்லியிருந்தாள். எங்கள் சபையின் வழக்கம் அது. போதகர் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. நான் பெயர்களைச் சொல்லித்தான் எண்ணுவேன். அன்றிரவு எண்ணியதும் அப்படித்தான். பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் நான். இதைத் தவறவிட்டேன்.

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள்.

"நான்தான் தூக்கி வைச்சிருந்தனான். அப்பா வாளி பிடிக்கக் கூப்பிட்டார். றேச்சல் அக்காவின்ர மடியில வைச்சிட்டு வந்தனான்."

இத்தனை ஆண்டுகள். ஒரே வீடு. ஒரே ஸ்கூட்டர். இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

மேளச் சத்தம் ஜன்னலைத் தட்டியது. டேவிட்தான் முதலில் வாயைத் திறந்தார். மெதுவாகக் கேட்டார்.

"பாப்பாவா பையனாம்மா?"

"பாப்பா அண்ணா."

டேவிட் எழுந்து தன் நாற்காலியை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "வாம்மா. வந்து குந்து." தான் தரையில் உட்கார்ந்துகொண்டார். எஸ்தர் நெடுநேரம் செருப்புகளுக்கு நடுவே நின்றாள். பிறகு வந்தாள்.

பாஸ்டர் மைக்கை அணைத்து வைத்தார். நோக்கம் என்ற சொல்லை அன்று அவர் மறுபடி சொல்லவில்லை. "எப்படி ஜெபம் பண்றதுன்னு எனக்குத் தெரியலை ஐயா," என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட சிறந்த ஜெபம் அதுதான். செல்வராணி பாதியில் விட்ட இடம் எனக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்கி அந்தச் சங்கீதத்தைக் கடைசிவரை சொன்னேன். நாற்பத்தைந்து பேர் இருந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. எஸ்தரின் உதடுகள் அசையவில்லை. ஆனால் இருந்தாள். ஆமென் வரை இருந்தாள்.

பதாகை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு வேறு வசனம் வரும். எதிரே இன்னொரு கடைக்குக் கண்ணாடி பொருத்துகிறார்கள். அதையும் திறப்பார்கள். அதற்கும் கொளுத்துவார்கள். நான் படுப்பேன். எஸ்தரும் படுப்பாள். இந்த ஊரில் எனக்குச் சத்தங்கள் பயமில்லை. சத்தத்துக்கு முன்னால் வரும் அமைதிதான் பயம். இப்போதும் எண்ணுகிறேன். பதினேழு தாண்டினால்தான் மூச்சு விடுகிறேன்.

மறக்கக் கூடாதவர்களுக்காகக் கணக்கைத் திருத்தி எழுதுகிறேன்.

போனவை. வீடு ஒன்று. கிணறு ஒன்று. மிதிவண்டி இரண்டு. சேலைகள் ஆறு. குடும்ப வேதாகமம் ஒன்று. பாதி ஜெபம். விசுவாசத்தை இங்கே எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன். அடித்தபடியே இருக்கட்டும்.

மிச்சம். நானும் எஸ்தரும். ஒரு வாளி. அதன் விளிம்பு நெளிந்திருக்கிறது.

போனவர்கள். செல்வராணி. சாம், ஒன்பது வயது. ஞானதாசன். பிரிசில்லா. றேச்சல். கந்தையா. நாகம்மா.

றேச்சலின் மகள். மூன்று நாள். பெயர் இல்லை.

எட்டு.