ஓடைக்கரையில் தோண்டிய குழி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் பாலசுப்ரமணியம் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் திருமதி ராஜம் வேதாந்தம் அவர்களே, லக்ஷ்மிபாய் நகர்க் குவார்ட்டர்ஸ் அன்பர்களே, கலியனின் வணக்கம்.

அண்டர் செக்ரட்டரியாக ஓய்வுபெற்ற அமரர் வேதாந்தம் அவர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். என்ன பேச? தொண்ணூற்று ஐந்தில் தொடங்கி எட்டு வருஷம், ஞாயிறுதோறும் அவரோடு நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலுள்ள ஓடைக்கரையில் மண்வெட்டி பிடித்தவன் நான். அவர் செய்தது இன்றுவரை எனக்கு முழுசாகப் புரியவில்லை.

டெல்லியே மரம் நட்டபோது அவர் புல் நட்டார். கேள்விப்பட்டதுண்டா இப்படி? கரையை அடைத்திருந்த சீமைக் கருவேலத்தை வேரோடு தோண்டச் சொன்னார். ஓடையில் குப்பை வாரச் சொன்னார். முதல் மழைக்காலத்தில் ஒருநாள் காலை முழுக்கக் களையெடுத்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். வேதாந்தம் குவியலைப் பார்த்தார்.

"ஓய் கலியன், நீர் பிடுங்கினதெல்லாம் புல். விட்டுவெச்சதுதான் களை."

கோபிக்கவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஊன்றினார்.

"ஜல்தி முடிச்சுட்டுப் போலாமே" என்றேன்.

"ஏன், இன்னிக்கு ஆபீஸா உமக்கு?" என்றார்.

ஒரு வருஷம் நம் சங்கமே அங்கே இருபது மரக்கன்றுகள் நட்டது. நிழல் விழுந்தால் புல் பிழைக்காது என்று மறுநாளே அவற்றைப் பெயர்த்துச் சாலையோரம் நட்டுவைத்தார். எத்தனை பேர் திட்டினோம்! இன்று அந்தக் கரைப் புல்லுக்குள் கௌதாரி கூவுகிறது.

இப்போது அவர் நினைவாக அதே புல்வெளியில் வேப்பங்கன்று நடத் தீர்மானித்திருக்கிறோம். முன்மொழிந்தவன் நான். நேற்றுக் குழி தோண்டியவனும் நானே. ராஜம் மாமி வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, புல்லுக்கு நடுவுலயா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேதாந்தம் பிடுங்கிப் போடக்கூடியதையா அவர் நினைவுக்கு நடுவது? எதுவும் நடாமல் விட்டால் மறந்துவிட்டார்கள் என்று பேச்சு வராதா? அழைப்பிதழில் அச்சாகிவிட்டது, கன்றும் மேடையோரம் நிற்கிறது. இப்படிக் குழம்பினால் அவரிடம்தான் போய்க் கேட்பேன். இனி யாரிடம் கேட்பேன்?

தலைவர் மன்னிக்க வேண்டும். கன்றைப் பஸ் நிறுத்தத்தில் நடுவோம், நிற்பவர்களுக்கு நிழலாகும். நாளை ஞாயிறு. காலை ஆறரைக்கு அந்தக் குழியை மூடி, மேலே புல் ஊன்றப் போகிறேன். எது புல், எது களை என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் வாருங்கள். தெரியாதவர்களும் வாருங்கள். தப்பாகப் பிடுங்கினால் குனிந்து திரும்ப ஊன்றுவோம், அவர் செய்த மாதிரி.