நான் ஒரு நட்சத்திரம் கொடுத்த யூ.பி.எஸ்.

சைரன் அலறியபோது நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மோகனூர் சாலையில், சிவக்குமாரின் கோழிப்பண்ணைக்கு எதிரே வண்டியில் வைத்து விற்கிறார்கள். வழுக்கை பதமாக இருந்தது. காலையிலேயே சுடுகிற சித்திரை வெயிலுக்கு நன்றாக இருக்கும்.

என் பெயர் கைலாசம். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். யூடியூபில் கம்ப்யூட்டர் சாமான்களுக்கு விமர்சனமும் போடுகிறேன். சொந்தக் காசில் வாங்கி, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் பேசுவேன்.

பள்ளிபாளையத்தில் கௌசிக் என்று ஒருவன் இருக்கிறான். அவனுக்குச் சாமானைக் கம்பெனியே அனுப்பிவைக்கும். அட்டைப்பெட்டியைத் தடவுவான், அதில் அச்சடித்திருப்பதைச் சிரித்துக்கொண்டே வாசிப்பான், ஐந்து நட்சத்திரம் கொடுப்பான். ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. ஊரே அவன் பேச்சைக் கேட்கிறது. எனக்கு வயிறு எரியும். பொறாமையில்லை. பொய்யைக் கண்டால் எனக்கு அப்படித்தான்.

சிவக்குமார் என்னோடு பள்ளியில் படித்தவன். போன வருடம் ஜன்னலே இல்லாத நவீனக் கோழி ஷெட் கட்டினான். மின்விசிறி, தண்ணீர், எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் ஓட்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்புவதும் அதுதான். அதுவரை கம்ப்யூட்டர் அணையாமல் பிடித்துவைப்பது யூ.பி.எஸ். மீறி அணைந்தால் சைரன் அடிக்கும்.

இரண்டு யூ.பி.எஸ்.களில் எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டான். இரண்டையும் பிரித்து வீடியோ போட்டேன். கௌசிக் புகழ்ந்ததில் பேட்டரி ஒயரை ஈயம் உருக்கி ஒட்டியிருந்த சால்டரிங் மெலிதாகத் தெரிந்தது. கோடைச் சூட்டில் விட்டுவிடும் என்று விரல் வைத்துக் காட்டினேன். ஒரு நட்சத்திரம் கொடுத்தேன்.

சிவக்குமார் அதையே வாங்கி வந்தான்.

“ஏம் மாப்ள, உனக்கு எதுதான் புடிக்கும்? உம்பட வீடியோவப் பாத்தா கோழிகூட முட்டை போடாது,” என்றான். “கௌசிக்கப் பாரு, அவன் பேசறப்பவே வாங்கோணும்னு தோணுது.”

அவன் மனைவி சௌந்திரம் மோர் கொண்டுவந்து வைத்தாள். “உடுங்ணா. இவரு எல்லாருகிட்டயும் கேக்கற மாதிரி கேப்பாரு, கடைசில சிரிச்சுப் பேசறவங்க சொல்றதத்தான் வாங்குவாரு.”

நான் பொறுமைசாலி. கோடைக்காகக் காத்திருந்தேன். கோடையும் வந்தது. கரண்ட் போன ஒவ்வொரு முறையும் அந்த யூ.பி.எஸ். வேலை செய்தது. சிவக்குமார் அதைப் படம் பிடித்து, ‘நண்பர் ஒருத்தர் வேண்டாம்னு சொன்னார், சூப்பரா ஓடுது’ என்று கௌசிக்கின் வீடியோவுக்குக் கீழே எழுதினான். பிறகு பண்ணைக்காரர்கள் என் கடைக்கே வந்து, கௌசிக் சொன்ன யூ.பி.எஸ். இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு பொய் என் கண் முன்னால் உண்மையாகிக்கொண்டிருந்தது. யாராவது தடுக்க வேண்டும்.

தூசி தட்டித் தருகிறேன் என்று பண்ணைக்குப் போனேன். வீடியோவில் எந்த இடத்தைக் காட்டினேனோ, அதே இடத்தில் சால்டரிங்கை எடுத்துவிட்டேன். வேறெங்கும் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் அது நேர்மையாகாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக என்றைக்குக் கரண்டை நிறுத்துவார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. அன்று விடிந்ததும், செவ்வாய்ப்பேட்டையில் நல்ல மானிட்டர் மலிவாக வந்திருப்பதாகச் சொல்லிச் சிவக்குமாரைச் சேலத்துக்கு அனுப்பினேன். அவன் இருந்தால் ஜெனரேட்டரைக் கையால் கிளப்பிவிடுவான்; வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. கோழிகள் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் எதை வைத்து நிரூபிப்பது?

சைரன் கேட்டுச் சௌந்திரம் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். வேலையாட்கள் முட்டை வண்டியோடு போயிருந்தார்கள். சாலையில் நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

“ஃபேனெல்லாம் நின்னு போச்சுங்ணா. வெரசா வாங்க.”

வருகிறேன் என்று ஒரு கையை ஆட்டினேன். மறு கையில் போன் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஓடினால் படம் ஆடும். அதனால் வாசற்படிவரை மெதுவாக நடந்தேன். கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. கோழிகள் அலகைத் திறந்தபடி சாய்ந்துகொண்டிருந்தன. காற்றுக்கு வழி செய்ய, அவள் அரிவாளோடு கூண்டு அடுக்கின் மேல் ஏறி, பக்கவாட்டில் சுவருக்குப் பதிலாக இழுத்துக் கட்டியிருந்த தார்ப்பாயைக் கிழிக்கப் பார்த்தாள். உச்சியிலிருந்து தலைகீழாக விழுந்தாள். அப்புறம் எழவில்லை.

அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் வீடியோவைப் போட்டேன். எனக்கு அந்த நாகரிகம் உண்டு.

அன்று மாலையே கௌசிக் தன் விமர்சனத்தை நீக்கினான். சிவக்குமார் இன்னும் என்னிடம் பேசவில்லை. வருத்தத்தில் இருக்கிறான். இனிமேலாவது யாரை நம்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

சால்டரிங்கை எடுத்தது நான். சிவக்குமாரை ஊரை விட்டு அனுப்பியது நான். சௌந்திரம் கூப்பிட்டும் உள்ளே போகாமல் நின்றதும் நான்தான். போலீஸ் கேட்டதும் ஒன்றுவிடாமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மறைத்துப் பேசுவது கௌசிக்கின் பழக்கம், என்னுடையது அல்ல.

இன்ஸ்பெக்டர் சென்னியப்பன் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு, புதிய யூ.பி.எஸ். ஒன்றை மேசைமேல் வைத்தார். அதே மாடல்.

“காலேஜ் லேப்புல குடுத்து, நாள் கணக்காச் சூட்டுல வெச்சுப் பாத்தாச்சு. நீ சொன்ன சால்டரிங் அசையக்கூட இல்ல. உன் விமர்சனமே தப்புய்யா. அந்தப் பொண்ணு எதுக்குச் செத்துச்சு?”

நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“உங்களுக்கு வந்தது நல்ல பீஸா அமைஞ்சிருச்சுங்க சார். இத நம்பி வாங்கிராதீங்க.”