ஸ்பிட்ஃபயர் காயும் வரை

எங்கள் வீட்டு ஹாலில் ஃபேன் ஓடாது. மன்னார்புரத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். மே மாத வெயிலில் யாராவது வந்தால்கூட ஓலை விசிறியைத்தான் நீட்டுவேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். காற்று அசைந்தால் தூசி எழும், தூசி எழுந்தால் ஈரப் பெயின்ட்டில் போய் உட்காரும். அவ்வளவுதான் காரணம். சப்-இன்ஸ்பெக்டர் காத்தமுத்து சார், நேற்று நீங்களும் உள்ளே வந்ததும் சுவிட்சைத்தான் தட்டினீர்கள். தடுக்கத்தான் நினைத்தேன்.

என் பெயர் தைரியராஜ். வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டயரானவன். என் மனைவி பேட்ரிசியா. மகள் ஷெர்லின் மஸ்கட்டில் புருஷனோடு இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்த மாப்பிள்ளைதான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம், முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் துண்டுகளாக. "ஒட்டிப் பாருங்க மாமா, பொழுது போகும்" என்றார். அவர் வாய்முகூர்த்தம், பொழுதெல்லாம் அதிலேயே போயிற்று.

ஒட்டுவது சுலபம். வண்ணம் அடிப்பதுதான் ஆளைக் கொல்லும். காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஓட்டி, பேனா பருமனுள்ள ஏர்பிரஷ்ஷால் பழுப்பையும் பச்சையையும் மெல்லப் படரவிட வேண்டும். அடிவயிற்றுக்கு வெளிறிய நீலம். ஒவ்வொரு பூச்சும் காயும்வரை வீட்டில் யாரும் நடமாடக்கூடாது. பேட்ரிசியா ஒரு இடத்தில் இருக்கிற ஆளா? துடைப்பம், துவைத்த துணி, கோயில் பாட்டு என்று சுற்றிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவளுடைய நரைமுடி ஒன்று இறக்கையில் ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடித்தேன். நான் கத்தவில்லை. அவளிடம் நான் கத்தியதே இல்லை, அக்கம்பக்கத்தில் கேட்டுப்பாருங்கள்.

"கொஞ்ச நேரம் உள்ள படுத்துக்கோயேன்" என்றேன். அவளுக்கு வீசிங் உண்டு, பெயின்ட் நெடி ஆகாது; அவள் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். "உங்க பிளேன் காயுற வரைக்கும் எனக்கு ஜெயிலா?" என்று சிரித்துக்கொண்டே போனாள். ஆனால் தண்ணீர் வேண்டும், போன் வேண்டும் என்று பாதியில் வந்துவிடுவாள். அந்தப் படுக்கையறைக் கதவுக்கு வெளியிலும் தாழ்ப்பாள் உண்டு. வீடு கட்டியவர் வைத்தது, நான் வைத்ததில்லை. முதல் தடவை போட்டபோது அதற்கும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஷெர்லினுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். பேட்ரிசியா மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை, என்னிடம் சொன்னாள். நீங்களும் வாங்களேன் என்று பேச்சுக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை.

"எப்பத் திரும்புவே?" என்று கேட்டேன்.

"இப்ப என்ன அதுக்கு அவசரம்? பார்த்துக்கலாங்க" என்றாள், துணியை மடித்தபடியே.

பீரோவில் அவள் தட்டு மொத்தமும் காலியாகியிருந்தது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவள் கல்யாணப் புடவையை எதற்கு எடுத்து வைக்க வேண்டும்? எனக்கு அழுகை வந்தது. அவளிடம் காட்டவில்லை.

அவள் கிளம்ப வேண்டிய அன்றைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டு, "டாக்ஸி வர்ற வரைக்கும் சித்த கண்ண மூடுறேன்" என்று அறைக்குள் போனாள். தாழ்ப்பாளைப் போட்டேன். அந்த அறை ஃபேனை மெயின் போர்டிலேயே அணைத்தேன். கதவடியில் ஈரத்துண்டைச் செருகினேன். வண்ணம் அடிக்கும்போது எப்போதும் செய்வதுதான். அவள் போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. அந்த அறை ஜன்னலுக்கு எதிரே கல்யாண மண்டபத்தின் பின்சுவர்தான். பிறகு டாக்ஸிக்காரரைப் போனில் கூப்பிட்டு வர வேண்டாம் என்றேன். அதை எப்போதும் செய்வதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் சாதாரணமாகத்தான் தட்டினாள். "ஏங்க, மணியாச்சு, திறங்க."

"காயட்டும், இரு" என்றேன்.

பிறகு பலமாகத் தட்ட ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஷரீபா அவளை வழியனுப்ப வந்து வாசலில் நின்றார். கம்ப்ரஸரைப் போட்டேன். அது ஓடினால் வேறொன்றும் காதில் விழாது.

"அக்கா கிளம்பிட்டாங்களாண்ணே?"

"இப்பத்தாம்மா போனா."

"அடடா, ஓடி வந்தேனே. சரிண்ணே, சுகப்பிரசவம் ஆகணும்னு துஆ கேட்டிருக்கேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் கம்ப்ரஸரை நிறுத்தினேன். உள்ளே குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "ஏங்க... மூச்சு... பையை மட்டும் குடுங்க." இன்ஹேலர் அவள் கைப்பையில் இருந்தது. கைப்பை பயணப்பெட்டியின் மேல், நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. நடிக்கிறாள் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். அந்த இழுப்பு எனக்குத் தெரியும், எத்தனையோ வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டது. கதவைத் திறந்தால் இன்ஹேலரை அடித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அதுதான் நான் நினைத்தது. கம்ப்ரஸரை மறுபடி போட்டேன்.

எந்தப் பாகம் ஈரமாக இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஸ்பிட்ஃபயர் போன வாரமே முடிந்துவிட்டது சார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. அன்றைக்கு ஏர்பிரஷ்ஷில் பெயின்ட்டே இல்லை. வீட்டில் ஈரமாக இருந்தது கதவடியில் செருகிய துண்டு மட்டும்தான்.

சாயங்காலம் அவள் ஏற வேண்டிய மஸ்கட் விமானம் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே ஏறிப் போயிற்று. சத்தம் தேய்ந்து அடங்கும்வரை இருந்துவிட்டு, கம்ப்ரஸரை அணைத்துத் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவு கொஞ்சம்தான் நகர்ந்தது. அவள் உள்ளே அதன்மேல் சாய்ந்திருந்தாள். சந்து வழியாகப் புடவை தெரிந்தது. போகாமல் இருக்கிறாளே என்று எனக்கு மனசு லேசாயிற்று.

"நிதானமா எழுந்து வா, பேட்ரிசியா" என்றேன். "இனிமே நமக்கு ஒரு அவசரமும் இல்ல."