பன்னிரண்டாவது பொம்மை

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் அம்மாவும் ஆறு வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் மடியில் பீங்கான் பொம்மைகள் அடுக்கிய அட்டைப்பெட்டி திறந்திருந்தது.

“பத்தோட நின்னா பொட்டி நெறையாதும்மா” என்றாள் மகள்.

“மதரஸாவுல உஸ்தாது அரபியில பத்து வரைக்கும்தான எண்ணச் சொன்னாரு? நீ ஏன் மேல பதினொண்ணு, பன்னெண்டுன்னு தமிழ்ல சொன்ன?”

“நீ பன்னெண்டு பொம்மை வச்சாத்தான மூடுற? எல்லாரும் சிரிச்சிட்டாங்க. இனிமே மதரஸாவுக்குப் போவ மாட்டேன்.”

அவர்களுக்குப் பக்கத்து சீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார். “துபாயில நானும் பொட்டிதான் அடுக்குறேன் பாப்பா. பதினொண்ணுக்கு அஹத அஷர், பன்னெண்டுக்கு இத்னா அஷர்.”

மகள் ஒவ்வொரு பொம்மையின் தலையிலும் விரல் வைத்தாள். “வாஹித், இத்னான், தலாதா, அர்பஆ, கம்ஸா, சித்தா, சப்ஆ, தமானியா, திஸ்ஆ, அஷரா…” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அஹத அஷர், இத்னா அஷர்.”

கடைசிப் பொம்மையைத் தொட்டதும் அவளே பெட்டியை மூடினாள்.

“நாளைக்குப் போவியா?” என்றார் அம்மா.

“போவேன். சிரிச்சவங்களுக்கு மீதி ரெண்ட நான் சொல்லித் தரணும்ல.”