இந்தப் பொணம் லெம் இல்ல

லெம்: ஹ... ஹ... ஹச்...

பெர்மீலியா: தும்மிப் பாரு, நானே உன்னைக் கொன்னுடுவேன்.

லெம்: மூக்குக்குள்ள மாவைக் கொட்டிட்டு தும்மாதேன்னா எப்படி மீலி?

பெர்மீலியா: செத்தவங்க தும்ம மாட்டாங்க. ஆடாம படு. கன்னம் இன்னும் சிவப்பா இருக்கு. உயிரோட இருக்கிறவன் மாதிரியே இருக்கே.

லெம்: இருக்கேனே, அதுக்கு நான் என்ன பண்ண?

பெர்மீலியா: கண்ணுக்குக் கீழே கொஞ்சம் அடுப்புக்கரி... ஆங். இப்பத்தான் ஆத்தங்கரையில வெயில்ல கிடந்தவன் களை வந்திருக்கு. அழகா இருக்கே போ.

லெம்: நெத்தியில ஏதோ வழியுதே?

பெர்மீலியா: அதான் குண்டு பாய்ஞ்ச ஓட்டை. காட்டுச் செர்ரிச் சாறு. விரலை வைக்காதே... லெம்! நக்காதேங்கிறேன்!

லெம்: நேத்துலேர்ந்து பட்டினி போட்டிருக்கேடி. உன் காப்பியை மட்டும் குடிச்சிட்டு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் சாக முடியும்?

பெர்மீலியா: வயிறு ஒட்டியிருந்தாத்தான் ஊரு நம்பும். விடிஞ்சதும் சவப்பெட்டியோட உன்னைக் கடை ஜன்னல்ல சாத்தி வைப்பேன். எல்லாரும் வந்து பாத்துட்டுப் போகட்டும்.

லெம்: நிக்க வெச்சா? எனக்கு வெக்கமா இருக்கு.

பெர்மீலியா: தபால் வண்டியைக் கொள்ளையடிக்கும்போது வரல, இப்ப வருதாக்கும். உன் கூட்டாளிங்க, டோலன் அண்ணன் தம்பிங்க, செத்தப்போ அப்படித்தானே நிக்க வெச்சாங்க? கொள்ளைக்காரன் செத்துட்டான்னு சும்மா சொன்னா எவன் நம்புவான்? கண்ணால பாக்கணும். பாத்துட்டா, அப்புறம் உன்னைத் தேட ஒரு நாய்கூட வராது.

லெம்: யாரு சுட்டதுன்னு கேட்டா?

பெர்மீலியா: தெரியாதுன்னு சொல்வேன். ஆத்தங்கரையில கிடந்தான், என் வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான். வயோமிங்ல உன்னைச் சுட ஆசைப்படாதவன் யாரு? நாளைக்கே ஆளாளுக்கு 'நான்தான் சுட்டேன்'னு சாராயக் கடையில நெஞ்சை நிமித்திக்கிட்டு நிப்பான் பாரு.

லெம்: அப்புறம்?

பெர்மீலியா: அப்புறம் வெறும் பெட்டிக்குச் சடங்கு. நீயும் நானும் மேக்கே ஓரிகனுக்கு. ஆப்பிள் தோட்டம். கல்யாணம்.

லெம்: கல்யாணத்தை ஏன் கடைசியில சொல்றே?

பெர்மீலியா: பின்னே, செத்தவனையா கட்டிக்க முடியும்? முதல்ல போய்ச் சேரு.

லெம்: மீலி... அந்தத் தபால் வண்டிக்காரன்... அவன் கால்...

பெர்மீலியா: நீ சுடலை. மூத்த டோலன்தான் சுட்டான்.

லெம்: சுட்டவன் குதிரையைப் புடிச்சுக்கிட்டு நான்தானே நின்னேன். கண்ணை மூடிப் படுத்தா அவன் கத்துனதுதான் கேக்குது. அவன் பிழைச்சானா இல்லையான்னு...

பெர்மீலியா: உஷ்! படு. குதிரைச் சத்தம். நம்ம வாசல்லதான் நிக்குது.

லெம்: யாரு?

பெர்மீலியா: கடவுளே... ஷெரிஃப் டக்கெட். படு! வாயை மூடு! கையை நெஞ்சு மேல வை... மூச்சை மெதுவா விடு!

ஷெரிஃப்: மீலி! ஏ பொண்ணே! கதவைத் திற. சவப்பெட்டிக் கடையைப் பூட்டி வெச்சிருக்கே, எவன் வந்து திருடப் போறான்?

பெர்மீலியா: வாங்க ஷெரிஃப். இவ்வளவு காலையில... உக்காருங்க.

ஷெரிஃப்: உக்கார்றதைப் பத்திப் பேசாதே. மூணு வாரம் குதிரை மேலயே இருந்து, உக்கார்ற இடமெல்லாம் கொப்பளம். நின்னுக்கிட்டே ஒரு வாய் காப்பி குடிக்கிறேன். வெளியில வாசனை வந்துது, இறங்கிட்டேன்.

பெர்மீலியா: இந்தாங்க. உங்ககூட வந்த ஆளுங்க எங்கே?

ஷெரிஃப்: வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்.

பெர்மீலியா: எல்லாரையுமா? லெம்மைத் தேடித்தானே போனீங்க?

ஷெரிஃப்: தேடுனோம்... சரி, எவ்வளவு நாள்தான்... வைக்கோல் அறுப்பு வேற வந்துருச்சில்ல. போதும்னு தோணுச்சு.

பெர்மீலியா: நீங்களா போதும்னு சொன்னீங்க?

ஷெரிஃப்: நீ பாக்கலை மீலி. இடிதாங்கிக் கம்பி விக்கிறவன் ஒருத்தன், அவன் பாட்டுக்கு வண்டியில போய்க்கிட்டிருந்தான். அவன் செஞ்ச தப்பு, லெம் மாதிரியே தாடி செம்பட்டையா இருந்தது. நான் ஆத்துல தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நம்ம பசங்க அவன் கழுத்துல கயிறை மாட்டிட்டானுங்க. கம்பியைக் காட்டுறான், கும்புடுறான், பொண்டாட்டி பேரைச் சொல்லி அழறான்... ஒருத்தன் காதுலயும் ஏறல. முடிச்சு போட்டது யாரு தெரியுமா? கோயில்ல ஞாயித்துக்கிழமை முன்வரிசையில நின்னு பாடுறானே, நம்ம ரொட்டிக்கடை ஆபிரகாம்.

பெர்மீலியா: ஐயோ!

ஷெரிஃப்: கயிறை அறுத்து இறக்குனேன். அப்பவும் 'விட்டுட்டியே'ன்னு என்னைத்தான் முறைக்கிறானுங்க. எல்லாம் நான் வளர்த்த பசங்க மாதிரி. எனக்குப் பயமா போச்சு மீலி. கொள்ளைக்காரனைப் பாத்து நான் அப்படிப் பயந்ததில்ல.

பெர்மீலியா: இனிமே பயப்பட வேண்டாம் ஷெரிஃப். லெம் செத்துட்டான்.

ஷெரிஃப்: ...யாரு சொன்னா உனக்கு?

பெர்மீலியா: காப்பி கொட்டுது, பாத்து! யாரும் சொல்லல. இதோ, இந்தப் பெட்டியில இருக்கான்.

ஷெரிஃப்: இருக்க முடியாது.

பெர்மீலியா: வந்து பாருங்களேன்.

ஷெரிஃப்: ...அட ஆண்டவரே.

பெர்மீலியா: அவன்தானே?

ஷெரிஃப்: இல்ல.

பெர்மீலியா: எது இல்ல?

ஷெரிஃப்: இது லெம் இல்ல.

பெர்மீலியா: செம்பட்டைத் தாடி, ஷெரிஃப்!

ஷெரிஃப்: ஐரிஷ்காரங்கள்ல பாதிப் பேருக்கு அதுதான். இப்பத்தானே ஒருத்தன் கதையைச் சொன்னேன்?

பெர்மீலியா: காதைப் பாருங்க. கீழ்மடல் இல்ல. நீங்க சுட்டுப் பிச்சதுதானே?

ஷெரிஃப்: நான் சுட்டது வலது காது. இவனுக்கு இடது.

பெர்மீலியா: எதிர்ல நின்னுதானே சுட்டீங்க? உங்களுக்கு வலது பக்கம்னா அவனுக்கு எந்தப் பக்கம்?

ஷெரிஃப்: ...குழப்பாதே. லெம் நல்ல உசரம். இவன் குட்டை.

பெர்மீலியா: செத்தா சுருங்குவாங்க. பெட்டி செய்றவகிட்ட வந்து அளவு சொல்றீங்களே.

ஷெரிஃப்: ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. லெம் திருடன்தான், ஆனா ஆளு அழகன். தெருவுல போனா பொம்பளைங்க திரும்பிப் பாப்பாங்க. இவனைப் பாரு. மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். பிசைஞ்சு போட்ட மாவு மாதிரி ஒரு மூஞ்சி.

பெர்மீலியா: அப்படி ஒண்ணும் மோசமில்ல.

ஷெரிஃப்: இதை எவடி கட்டிக்குவா?

பெர்மீலியா: கட்டிக்க ஆளு இருக்கும்.

ஷெரிஃப்: என்ன சத்தம் அது?

பெர்மீலியா: எது?

ஷெரிஃப்: 'உர்'னு கேட்டுச்சே.

பெர்மீலியா: வயித்துக்குள்ள காத்து. செத்தவங்களுக்கு வரும்.

ஷெரிஃப்: மூக்கைப் பத்திச் சொன்னா வருமா?

பெர்மீலியா: சில பேருக்கு வரும். ஷெரிஃப், நான் சொல்றதைக் கேளுங்க. மூணு வாரமா நீங்க தேடுன ஆளு. தானா வந்து பொணமா கிடக்கான். 'இவன்தான் லெம்'னு வெளியில போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி...

ஷெரிஃப்: சொல்ல மாட்டேன்.

பெர்மீலியா: ஏன்?

ஷெரிஃப்: ஏன்னா இவன் லெம் இல்ல! எவனோ அனாதை. வழிப்போக்கன். வேற யாரு பாத்தா?

பெர்மீலியா: இன்னும் யாரும் பாக்கல. இப்பத்தான் ஜன்னல்ல வைக்கப் போறேன்.

ஷெரிஃப்: ஜன்னலா? வேற வினையே வேண்டாம்! ஊரு முழிக்கிறதுக்குள்ள பொதைச்சுடலாம். மூடி எங்கே?

பெர்மீலியா: பொதைக்கிறதா? இருங்க...

ஷெரிஃப்: இதோ இருக்கு மூடி. சுத்தியலைக் குடு.

பெர்மீலியா: அந்த மூடி சரியா பொருந்தாது ஷெரிஃப்.

ஷெரிஃப்: கச்சிதமா பொருந்துதே! உன் அப்பன் கைவேலை அப்படியே வந்திருக்கு உனக்கு. ஆணி?

பெர்மீலியா: ஒரு ஜெபமாவது சொல்ல வேண்டாமா? பாதிரி வரட்டும்...

ஷெரிஃப்: ஆண்டவரே, யாருன்னு தெரியாத இந்தக் கோணமூக்கனை ஏத்துக்கும். ஆமென். ஆச்சு, ஆணியை எடு... சரி, நானே எடுத்துக்கிறேன். தள்ளு.

பெர்மீலியா: வேண்டாம் ஷெரிஃப்! அடிக்காதீங்க! ஐயோ, ஒரு ஆணி இறங்கிடுச்சே!

ஷெரிஃப்: இன்னும் ஏழு அடிச்சுட்டா வேலை முடிஞ்சுது.

லெம்: நிறுத்துய்யா!

ஷெரிஃப்: ...மீலி, நீ பேசுனியா?

பெர்மீலியா: ஆமா.

ஷெரிஃப்: கட்டைக் குரல்ல?

லெம்: நான்தான்! உள்ளே! மூடியைத் தூக்கு! லெம்! செம்பட்டை லெம்!

ஷெரிஃப்: நீ லெம் இல்ல.

லெம்: எங்கம்மா மேல சத்தியமா நான் லெம்தான்யா! விலங்கு போடு, தூக்குல போடு, என்ன வேணா பண்ணு, ஆணி மட்டும் அடிக்காதே! உள்ளே மூச்சு முட்டுது!

ஷெரிஃப்: மீலி... இவன் உயிரோடவா இருக்கான்?

பெர்மீலியா: ...கொஞ்சம்.

ஷெரிஃப்: நெம்புகோலை எடு! சீக்கிரம்! புடி அந்தப் பக்கம்... வந்துருச்சு, வந்துருச்சு... எந்திரிடா!

லெம்: ஹ... ஹ... ஹச்சூ!

ஷெரிஃப்: அட, செம்பட்டைத் தாடி முழுக்க மாவு! ஹா ஹா ஹா... ஐயோ, என் வயிறு... புடிச்சுக்கோ மீலி, நான் விழுந்துடுவேன்...

லெம்: கோணமூக்கனா? நானா?

பெர்மீலியா: நீ சும்மா இரு! ஷெரிஃப், சிரிக்காதீங்க. யோசனை என்னோடது. பொய் சொன்னது நான். இவனைக் கொண்டு போகாதீங்க. இவன் இல்லாட்டி எனக்கு இந்தக் கடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

லெம்: அவளுக்குச் சம்பந்தமில்ல ஷெரிஃப். என்னால ஓடி ஓடி முடியல. அந்த வண்டிக்காரனுக்கு யாராவது பதில் சொல்லணும். கையை நீட்டுறேன், போடு.

ஷெரிஃப்: கையை இறக்குடா, மாவு கொட்டுது. அந்த வண்டிக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? 'செம்பட்டைத் தாடிக்காரன் ஒருத்தன் தன் இடுப்பு வாரைக் கழட்டி என் காலை இறுக்கிக் கட்டுனான். கூட வந்தவனுங்க ஓடுன பின்னாடியும் என் தலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்'னு.

லெம்: சொன்னானா? அப்போ... உயிரோட இருக்கானா?

ஷெரிஃப்: கால்தான் போச்சு. கட்டைக்கால் மாட்டிக்கிட்டுச் சீட்டாடுறான். ஆட்டத்துல ஏமாத்துறான் வேற, படுபாவி.

லெம்: மீலி... இருக்கானாம்டி!

பெர்மீலியா: கேட்டேன். அழாதே, கரி கரையுது. அட, நானும்ல அழறேன்.

ஷெரிஃப்: அழுது முடிச்சுட்டு வண்டியைப் பூட்டுங்க. மேக்கால போங்க. யாராவது கேட்டா, புருஷன் பொண்டாட்டின்னு சொல்லுங்க. தாடியை முதல்ல வழிச்சுடுடா.

பெர்மீலியா: விட்டுடுறீங்களா? நிஜமாவா? அப்போ இவன் பொணமா கிடந்தப்பவே 'ஆமா, இவன்தான்'னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே!

லெம்: அதானே! காதைப் பாத்தே, தாடியைப் பாத்தே, என்னை நல்லாவே தெரியும் உனக்கு. கடைசி வரைக்கும் நான் லெம் இல்லேன்னு ஏன்யா அப்படிச் சாதிச்சே?

ஷெரிஃப்: பின்னே எப்படிடா ஒத்துக்குவேன்? அந்தப் பசங்க இன்னொரு அப்பாவியை மரத்துல ஏத்துறதுக்குள்ள கதையை முடிக்கணும்னு, 'லெம்மை நானே சுட்டுட்டேன்'னு சொல்லி, போன ஞாயித்துக்கிழமை டன் க்ரீக் ஊர்ல ஒரு பெட்டி நிறைய ஆத்துக் கல்லைப் போட்டு ஆணியடிச்சுப் பொதைச்சுட்டு வந்திருக்கேன். ஜட்ஜ் முன்னாடி பைபிள் மேல கை வெச்சுச் சத்தியமும் பண்ணியாச்சு. பாதிரி ஜெபம் சொன்னப்போ, அந்தக் கல்லுங்க முன்னாடி தொப்பியைக் கழட்டிட்டு நின்னு, 'நல்ல பையன்டா நீ'ன்னு... நான் அழுதே தொலைச்சேண்டா!