பொருத்தம் ரொம்ப ஜாஸ்தி

அவள்: தப்பாச் சொல்லுங்கன்னா, ஏன் திரும்பத் திரும்பச் சரியாவே சொல்றீங்க?

அவன்: வாயில தானா வருதுங்க. நீங்க டீக்குச் சர்க்கரை போட மாட்டீங்க. அதை எப்படி...

அவள்: ரெண்டு ஸ்பூன்னு அடிச்சு விடுங்க! எந்தப் புருஷனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கு? எங்க அக்கா வீட்டுக்காரருக்கு அவ பொறந்த நாளே தெரியாது. அவங்களை எந்த விசா அதிகாரியாவது சந்தேகப்பட்டாரா?

அவன்: நம்மளைச் சந்தேகப்பட்டாராக்கும்...

அவள்: பின்ன? தனித்தனி ரூம்ல வச்சுக் கேட்டா, ரெண்டு பேரும் ஒப்பிச்ச மாதிரி ஒரே பதில். 'நிஜப் புருஷன் பொண்டாட்டி இவ்வளவு ஒத்துப்போக மாட்டாங்கம்மா, வெள்ளிக்கிழமை திரும்ப வாங்க'ன்னுட்டாரே! அன்னைக்கும் சொதப்பினா உங்களை ஊருக்கே பிளேன் ஏத்திடுவாங்க.

அவன்: ஏத்தினா ஏத்தட்டும்.

அவள்: என்ன இவ்வளவு அலட்சியமா... சரி, அடுத்தது. நான் கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பேன்?

அவன்: எனக்கென்ன தெரியும்? நான் ஹால்ல சோபாவுல கிடக்கேன்.

அவள்: அய்யய்யோ! இதைச் சொன்னா கையும் களவுமா மாட்டுவோம்!

அவன்: சும்மா சொன்னேங்க. ஜன்னல் பக்கம்.

அவள்: சிரிக்காதீங்க. நான் எதுக்குப் பயப்படுவேன்?

அவன்: டிப்போவுல பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க. அப்போ மட்டும் ரெண்டு கன்னத்தையும் உப்பிக்குவீங்க.

அவள்: ...இது நாம மனப்பாடம் பண்ணதுல இல்லையே.

அவன்: ஒரு நாள் பேக்கரி வேலை முடிஞ்சு நேரா அங்க வந்தேன். கேட்டுக்கு வெளிய நின்னேன்.

அவள்: எதுக்கு?

அவன்: சூடா ஒரு ரொட்டி எடுத்துட்டு வந்தேன், உங்களுக்கு.

அவள்: என் கைக்கு எதுவும் வரலையே!

அவன்: நீங்க இறங்கினதும் மத்த டிரைவருங்க எல்லாம் சுத்தி நின்னாங்க. கூச்சமாப் போச்சு. நானே தின்னுட்டேன்.

அவள்: நல்ல ஆளுய்யா நீங்க!

அவன்: பசி வேற.

அவள்: ...ஆமா, இங்க தங்கப் பெர்மிஷன் வந்ததும் என்ன பண்ணப் போறீங்க?

அவன்: முன்னாடியே பேசினதுதானே. 'எப்போ கல்யாணம், எப்போ கல்யாணம்'னு உங்க அக்கா உயிரை எடுக்காம இருக்க உங்களுக்கு ஒரு புருஷன். நான் இந்த ஊர்ல தங்க எனக்கு ஒரு பொண்டாட்டி. பெர்மிஷன் வந்த அன்னைக்கே பெட்டியைக் கட்டிடுவேன்னு சொன்னேன்ல?

அவள்: சொன்னீங்க, சொன்னீங்க. அரிச்சந்திரனுக்குத் தம்பி.

அவன்: வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

அவள்: நான் என்ன சொல்ல... சோபா காலியாகும். அக்கா வந்தா உக்கார இடம் கிடைக்கும்.

அவன்: அவ்வளவுதானா?

அவள்: விடியுறதுக்கு முன்னாடி சத்தமில்லாம கதவைச் சாத்திட்டுப் பேக்கரிக்குப் போறதா உங்களுக்கு நினைப்பு. எனக்குக் கேக்கும். அதைக் கேட்டுட்டுத்தான் புரண்டு படுத்துத் தூங்குவேன். நீங்க போயிட்டா... இந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வராது.

அவன்: நிஜமாவா?

அவள்: நிஜமாத்தான். இன்னும் ஒண்ணு இருக்கு...

அவன்: நீங்க சொல்லி முடிங்க.

அவள்: ஒரு பொய் சொல்லிட்டேன். திட்டக் கூடாது.

அவன்: திட்டல.

அவள்: வெள்ளிக்கிழமை விசாரணையே கிடையாது. தனித்தனியாக் கேட்ட அன்னைக்கே எல்லாம் முடிஞ்சு போச்சு. 'அவர் இங்கயே இருக்கலாம்மா'ன்னு அதிகாரி சொல்லிட்டாரு. உங்ககிட்டச் சொன்னா உடனே கிளம்பிடுவீங்களேன்னு... பயந்துட்டேன்.

அவன்: என் கையையும் பிடிச்சுக் குலுக்கி, வாழ்த்துச் சொல்லித்தாங்க அனுப்பினாரு அந்த மனுஷன். வெளிய வந்தா, 'திரும்ப வரச் சொல்றாங்க'ன்னு நீங்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க. அப்பாடா, இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கலாம்னு... நானும் வாயைத் திறக்கல.